அணைக்குப் போடும் இரண்டு மார்க்

அணை என்றதும் நமக்கு மேட்டூர், பவானிசாகர், வைகை என்றுதான் நினைவு வரும். அரசாங்கம் கட்டியது, அரசாங்கம் காப்பது, பாசனத்துக்கோ குடிநீருக்கோ மின்சாரத்துக்கோ பயன்படுவது. தனி ஒருவருக்கு சொந்தமாக அணை இருக்கும் என்பதே நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

அமெரிக்காவில் கதை வேறு. அவர்களுடைய தேசிய அணைப் பதிவேட்டில் 90,000க்கும் மேற்பட்ட அணைகள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் தனியாருடையவை. மிகப் பெரும்பாலானவை மண் அணைகள். எந்த உபயோகத்துக்கு என்ற பத்தியில் அதிகமாகக் காணும் பதில் என்ன தெரியுமா? பாசனம் இல்லை, மின்சாரமும் இல்லை. பொழுதுபோக்கு! மீன் பிடிக்க, படகு விட, கரையோரம் வீடு கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க.

பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பாதியை ஏரிக்கரைகளில் நடந்தே கழித்தேன். ஆகவே இப்படிப்பட்ட விஷயங்கள் கண்ணில் பட்டால் விடமாட்டேன். இந்தத் தனியார் குளங்களுக்கு அமெரிக்காவில் இரண்டு விதமாக மார்க் போடுகிறார்கள். அந்த மார்க் எப்படி வந்தது என்ற சரித்திரத்தைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்று ஓர் இரும்பாலை ஊர். அதற்கு 14 மைல் மேலே, மலையில், சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் ஒரு மண் அணை. படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுப்பதற்காக மாநில அரசு கட்டி 1853ல் முடித்தது. உயரம் 72 அடி, நீளம் 931 அடி. ரயில் வந்தது, கால்வாய்க்கு வேலை போயிற்று. அணை கைமாறிக் கைமாறி, கடைசியில் 1879ல் ஒரு மீன்பிடி, வேட்டை கிளப்பிடம் வந்து சேர்ந்தது. உறுப்பினர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் போன்ற பிட்ஸ்பர்க் கோடீஸ்வரர்கள்.

கிளப்புக்கு வருவதற்கு முன்பே, இடையில் இருந்த சொந்தக்காரர் அடிமதகின் வார்ப்பிரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். கிளப் அவற்றைத் திரும்பப் போடவில்லை. அதாவது, ஏரியில் தண்ணீர் ஏறினால் அதை இறக்க வழி கிடையாது. கரையின் மேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போக அகலம் வேண்டும் என்று கரையின் உச்சியைக் கொஞ்சம் வெட்டித் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் வெளியே போய்விடக் கூடாதே என்று கலிங்கின் குறுக்கே வலைத்தட்டி போட்டார்கள்.

ஏரிக்கரை தெரிந்தவர்கள் இந்த மூன்றையும் படித்தாலே தலையில் கை வைத்துக்கொள்வார்கள். மதகு இல்லை, கரை தாழ்ந்துவிட்டது, கலிங்கு அடைபட்டிருக்கிறது. ஒரு மண் கரையை உடைக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

கீழே இருந்த இரும்புக் கம்பெனியின் தலைவர் டேனியல் மோரல் என்பவருக்கு சந்தேகம் வந்தது. 1880ல் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். தண்ணீரை இறக்கக் குழாய் இல்லை, பழைய உடைப்பைச் சரியாக அடைக்கவில்லை என்று ஃபுல்டன் அறிக்கை கொடுத்தார். உங்களுக்கு எங்களால் எந்த ஆபத்தும் இல்லை என்று கிளப்பிலிருந்து பதில் வந்தது. விஷயம் அத்தோடு நின்றது. அந்தக் கிளப்பை மறுத்துப் பேச, கட்டளையிட, எந்த அதிகாரியும் இல்லை. அணை தனியார் சொத்து.

1889 மே 31ஆம் தேதி, விடாத மழையில், பிற்பகல் மூன்று மணியளவில் தண்ணீர் கரையின் மேல் வழிந்து அணை போயிற்று. ஒரு மணி நேரத்தில் ஜான்ஸ்டவுன் போயிற்று. இறந்தவர்கள் 2,209 பேர். காலையிலிருந்து தந்தி மூலம் எச்சரிக்கை போகத்தான் செய்தது. ஆனால் அணை உடையப் போகிறது என்று அந்த ஊர் மக்கள் பல வருஷங்களாகக் கேட்டுக் கேட்டு, அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது.

இவ்வளவு பெரிய பாடத்துக்குப் பிறகு தனியார் அணைகளுக்கெல்லாம் உடனே நாடு தழுவிய சோதனை வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? வரவில்லை. அதற்கு இன்னும் 88 வருஷமும் ஒரு சின்னக் குளமும் தேவைப்பட்டன.

அந்தக் குளம் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா என்ற ஊர் அருகே இருந்தது. பெயர் கெல்லி பார்ன்ஸ் ஏரி.

மகன் அட்லாண்டாவில் இருந்த காலத்தில் நானும் அந்தப் பக்கம் ஒரு முறை போயிருக்கிறேன். அட்லாண்டாவிலிருந்து வடகிழக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 186 அடி உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழும் அழகான அருவி. நயாகராவைவிட உயரம் அதிகம், தண்ணீர்தான் குறைவு. அருவி ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்துக்குள் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பாறையும் மரமும் வானமும்தான் தெரிகின்றன. மேலே ஒரு ஏரி இருந்தது என்பதை யாராவது சொன்னால்தான் உண்டு. நான் அங்கே கவனித்த முக்கியமான விஷயம் அதுதான். கீழே குடியிருந்தவர்களின் கண்ணுக்கு அந்த அணை தெரியவே தெரியாது.

அணையின் பிறப்பைக் கேளுங்கள். 1899ல் சிறிய மின்நிலையம் ஒன்றுக்காக, மரச்சட்டம் அடித்து உள்ளே கல்லை நிரப்பி ஒரு தடுப்பு கட்டினார்கள். 1930களின் பிற்பகுதியில் கல்லூரிக்காரர்கள் அதன் மேலேயே மண்ணைப் போட்டு மண் அணையாக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னும் உயர்த்தினார்கள். கடைசியில் உயரம் ஏறத்தாழ 40 அடி, நீளம் 400 அடி. 1957ல் மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அது பொழுதுபோக்கு ஏரி.

மின்நிலையம் ஓடியவரையில் அந்தத் தண்ணீருக்கு ஒரு வேலை இருந்தது. வேலை இருந்தால் மதகைத் திறக்க மூட ஒரு ஆள் தினம் வருவான், கரையைப் பார்ப்பான், ஈரம் தெரிந்தால் சொல்வான். வேலை போன பிறகு கரையில் மரம் வளர்ந்தது. நம் ஊரிலும் ஆயக்கட்டு வீடுகளாக மாறிய ஏரிகளுக்கு இதே கதிதான். தண்ணீரை எதிர்பார்ப்பவன் இருக்கும்வரை கரைக்கு ஒரு காவல் உண்டு.

அந்த அணைக்கு முறையான வரைபடம் கிடையாது. வெளிச்சரிவு ஒன்றுக்கு ஒன்று, சில இடங்களில் அதைவிடச் செங்குத்து. நாங்கள் சாதாரண ஏரிக்கரைக்கே ஒன்றுக்கு இரண்டு கேட்போம். 1973ல் எடுத்த ஒரு புகைப்படத்தில், வெளிச்சரிவில் 12 அடி உயரம், 30 அடி அகலத்துக்கு மண் சரிந்திருப்பது தெரிகிறது. நான்கு வருஷம் அது ஒரு புகைப்படமாக மட்டும் இருந்தது.

1977 நவம்பர் முதல் வாரம். 2ஆம் தேதியிலிருந்து 5ஆம் தேதி வரை 7 அங்குல மழை. அதில் பாதி கடைசி நாள் மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவுக்குள் கொட்டியது. 6ஆம் தேதி, ஞாயிறு விடிவதற்கு முன், இரவு ஒன்றரை மணியளவில் கரை உடைந்தது. தண்ணீர் அருவியில் குதித்துக் கல்லூரி வளாகத்தில் விழுந்தது. டிரெய்லர் வீடுகளில் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. 39 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள்.

இந்த ஏரி எத்தனை சிறியது என்பதைச் சொல்கிறேன். பரப்பு சுமார் 40 ஏக்கர். உடைந்தபோது இருந்த தண்ணீர் சுமார் 27 மில்லியன் கன அடி. நம் செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி. அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உடைந்த நேரத்தில் உச்சகட்டமாக வினாடிக்கு சுமார் 24,000 கன அடி போனதாகக் கணக்கிட்டார்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்ததாக அரசு சொன்ன கணக்கு 29,000 கன அடி. சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த எண் மறந்திருக்காது. அங்கே அது மணிக்கணக்கில் அகலமான அடையாற்றில் போனது. இங்கே சில நிமிஷங்கள் ஒரு குறுகலான ஓடையில். ஆனாலும் அந்தச் சில நிமிஷம் போதுமானதாக இருந்தது.

விசாரணைக் குழு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்டவில்லை. செங்குத்தான வெளிச்சரிவு ஊறிச் சரிந்தது, உள்ளே மண் அரித்திருக்கலாம், சரிந்த இடத்தில் உச்சி இறங்கியது, அந்த வாய் வழியாகத் தண்ணீர் போய் மொத்தக் கரையையும் தின்றது என்று எழுதினார்கள். மண் கரை பெரும்பாலும் அப்படித்தான் போகும். ஒரே நோயால் சாகும் கிழவன் அபூர்வம்.

இனி மார்க் கதைக்கு வருவோம்.

அணைகளைச் சோதிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1972 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ க்ரீக் என்ற இடத்தில் நிலக்கரிக் கழிவை வைத்துக் கட்டிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் தேசிய அணைச் சோதனைச் சட்டம் வந்தது. ராணுவப் பொறியாளர் படைதான் செய்ய வேண்டும் என்றார்கள். முழுச் சோதனைக்குப் பணம் ஒதுக்கவில்லை. அணைகளை எண்ணிப் பட்டியல் போட்டதோடு சரி. 1976ல் ஐடஹோ மாநிலத்தில் அரசே புதிதாகக் கட்டிய டீட்டன் அணை முதல் நிரப்பிலேயே உடைந்தது. அதன் பின் 1977 ஏப்ரலில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் மத்திய அரசு அணைகளின் பாதுகாப்பை ஆராயச் சொன்னார். தனியார் அணைகள் அப்போதும் பட்டியலில் வெறும் வரிகளாகவே இருந்தன.

கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். அந்த மாநிலத்தின் முன்னாள் கவர்னர். டொக்கோவா அவருடைய சொந்த மாநிலத்து ஊர். அவருடைய மனைவி ரோஸலின் நேரில் போய்ப் பார்த்தார். அந்த மாதமே கார்ட்டர், மத்திய அரசைச் சேராத அணைகளையும் உடனே சோதிக்கும்படி ராணுவப் பொறியாளர் படைக்கு உத்தரவிட்டார். 1981க்குள் ஏறத்தாழ 8,800 அணைகளைப் பார்த்து முடித்தார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. ஜார்ஜியா 1978லேயே தனக்கென்று ஒரு அணைப் பாதுகாப்புச் சட்டம் போட்டுக்கொண்டது.

ஆயிரக்கணக்கான அணைகளில் அந்த 8,800ஐ எப்படிப் பொறுக்கினார்கள்? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. எது பலவீனமான அணை என்று பார்த்துப் பொறுக்கவில்லை. எது உடைந்தால் கீழே ஆள் சாவான் என்று பார்த்துப் பொறுக்கினார்கள்.

அந்த முறைதான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. முதல் மார்க்குக்கு ஆபத்து வகை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். குறைவு, கணிசம், அதிகம் என்று மூன்று படி. உடைந்தால் உயிர்ச்சேதம் வரும் என்றால் அது ஹை ஹசார்ட். அணை நேற்றுக் கட்டியதாக இருக்கலாம், கல்லுப் போல உறுதியாக இருக்கலாம். அதெல்லாம் இந்த மார்க்கில் சேராது. இரண்டாவது மார்க்தான் அணையின் உடல்நிலை பற்றியது. திருப்தி, பரவாயில்லை, மோசம், திருப்தியில்லை என்று நான்கு. பார்க்காத அணைக்கு மதிப்பிடவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தங்கள் குளத்துக்கு ஹை ஹசார்ட் என்று கடிதம் வந்தால், எங்கள் கரை நன்றாகத்தானே இருக்கிறது என்று சண்டைக்குப் போகும் சொந்தக்காரர்கள் உண்டு. கரையில் ஒரு கூடை மண்ணைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஓடையோரமாகக் கீழே யாரோ மனை போட்டு நாலு வீடு கட்டியிருப்பார்கள். அன்றைக்கே அணையின் வகை ஏறிவிடும். அணை அதேதான், கீழே இருப்பது மாறிவிட்டது.

இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், நான் முதல் மார்க்கைத்தான் சொல்வேன். உடல்நிலை மார்க் கண்ணால் பார்த்துப் போடுவது. மண்ணுக்குள் நடப்பதைக் கண் பார்க்காது. மிச்சிகன் மாநிலத்தில் ஈடன்வில் அணை என்று ஒன்று. 1924ல் மின்சாரத்துக்காகக் கட்டியது, தனியாருடையது. ஏரியைச் சுற்றி வீடுகள், படகுகள். கலிங்கின் கொள்ளளவு போதாது, பல வருஷம் சொல்லியும் பெரிதாக்கவில்லை என்று 2018ல் மத்திய ஆணையம் மின் உரிமத்தையே ரத்து செய்தது. பொறுப்பு மாநிலத்துக்கு வந்தது. அந்த வருஷம் மாநில அதிகாரிகள் முதல் பார்வையில் கட்டுமானம் பரவாயில்லை என்று எழுதினார்கள். 2020 மே 19 அன்று கரை உடைந்தது. தண்ணீர் உச்சியைத் தாண்டி வழியக்கூட இல்லை. ஈரம் ஏறிய தளர்ந்த மண் சட்டென்று வலுவிழந்து குழம்பாக ஓடிவிட்டது என்று நிபுணர் குழு பின்னால் கண்டுபிடித்தது. கரை சரிவதை ஒருவர் வீடியோ எடுத்திருக்கிறார். பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கண்பார்வைச் சோதனையில் இது பிடிபட்டிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் அங்கே ஒருவரும் சாகவில்லை. கீழே இருந்த சுமார் 10,000 பேரை முன்னதாகவே அப்புறப்படுத்தியிருந்தார்கள். ஹை ஹசார்ட் என்று முத்திரை குத்திய அணைக்கு அவசரகாலத் திட்டம் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான மாநிலங்களில் விதி. உடைந்தால் தண்ணீர் எதுவரை வரும், எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிஷத்தில் வரும், யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். டொக்கோவாவில் அப்படி ஒரு காகிதம் இல்லை. ஈடன்வில்லில் உடல்நிலை மார்க் ஏமாற்றியது. கீழே ஆள் இருக்கிறது என்ற மார்க் ஏமாற்றவில்லை.

நம் நாட்டிலும் 2021ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம், தாமதமாக வந்தது. அது எந்த அணைகளைக் கட்டுப்படுத்தும் என்பதை முக்கியமாக அளவை வைத்துச் சொல்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவை எல்லாம் வரும். 10லிருந்து 15 மீட்டர் வரை என்றால், நீளம் 500 மீட்டர் அல்லது கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பது போன்ற ஏதாவது ஒரு நிபந்தனையும் சேர வேண்டும். ஒரு நாள் உட்கார்ந்து கெல்லி பார்ன்ஸ் அணையை மீட்டராக மாற்றிப் பார்த்தேன். உயரம் 12 மீட்டர் அளவில். நீளம் 122 மீட்டர். கொள்ளளவு 8 லட்சம் கன மீட்டருக்குக் கீழே. அளவை மட்டும் பார்த்தால், 39 பேரைக் கொன்ற அந்த அணை நம் சட்டத்தின் வாசலுக்கு வெளியேதான் நிற்கும்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கோட்டுக்கு வெளியே இருப்பது ஆபத்தில்லாதது என்று அர்த்தமில்லை. இப்போதெல்லாம் மலையடிவாரத்தில் பண்ணை வீடு, ரிசார்ட் என்று போகும் இடமெல்லாம் ஓடையை மறித்து ஒரு குளம் வெட்டிக் கரை போட்டு, வாத்தும் படகும் விட்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளோ உறவினரோ அப்படி ஒன்று வைத்திருந்தால், இந்தக் கிழவன் சொல்வதைக் காதில் போட்டு வையுங்கள். கரையில் மரம் வளர விடாதீர்கள். கலிங்கின் குறுக்கே மீனுக்காக வலையோ தட்டியோ கட்டாதீர்கள். வெளிச்சரிவில் ஈரம் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை நடந்து பாருங்கள். கசியும் தண்ணீர் தெளிவாக வந்தால் கவனிக்க வேண்டும். கலங்கலாக வந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் அது கரையின் மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

இதெல்லாம் இரண்டாவது மார்க்குக்கான வேலைகள். முதல் மார்க்கைத் தெரிந்துகொள்ளக் கரையில் நின்றால் போதாது. ஓடையோடு கீழே நடந்து போக வேண்டும். அங்கே யார் வீடு இருக்கிறது, எத்தனை பேர் தூங்குகிறார்கள், மழை கொட்டும் இரவில் ஒன்றரை மணிக்கு அவர்களை எழுப்பப் போவது யார் என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.